தறியின் மறுபுறம்

"இந்த வயசுல நீ படிச்சு யாருக்கு என்னம்மா ஆகப்போவுது?" என்று என் மாமியார் ஒரு நாள் கேட்டார். கேள்வியில் குரோதம் ஏதுமில்லை. பூக் கட்டிக்கொண்டே கேட்டார், பதிலை எதிர்பாராமல் அடுத்த கண்ணியைப் போட்டார். படிப்புக்கு வயதுண்டா என்று கேட்டிருந்தால் ஏதேனும் சமாதானம் சொல்லியிருப்பேன். யாருக்கு என்று கேட்டுவிட்டபடியால், நாற்பத்து மூன்றாம் பிராயத்தில் கையகலக் கைபேசித் திரையில் ஆசிரியர் முகம் பார்த்து, இணையவழியாகச் சரித்திரப் பட்டப்படிப்புப் படிக்கத் துணிந்த எனக்கு அன்றிரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்கூடம் முழுவதையும் தறி பிடித்துக்கொண்டிருக்கிறது. அது விட்டுவைத்த இடத்தில்தான் எங்கள் சம்சாரம் நடக்கிறது. உடல் ஒரு வர்ணமும் கரை வேறு வர்ணமுமாக அமையும் கோர்வைச் சேலைக்கு, உடலுக்கு ஒன்றும் இரு கரைகளுக்கு இரண்டுமாக மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். ஓட்டத்துக்கு ஓட்டம் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டுமாகையால், நெய்கிறவர் தனியாக உட்கார்ந்து வேலையை நடத்த முடியாது, கரைப் பக்கத்தில் இன்னொரு கை வேண்டும். இருபது வருஷமாக அந்தக் கை என்னுடையது. ஆகவே மாலை ஏழு மணிக்குப் பாடம் கேட்க நான் எழுந்து போனால், என் கணவரின் தறியும் அந்த ஒரு மணி நேரம் நின்றுபோகும். நின்ற தறிக்குக் கூலி கிடையாது. வகுப்பு நடக்கையில் ஒலிவாங்கியை அணைத்து வைக்க மகள் கற்றுக்கொடுத்திருந்தாள். ஆனால் கூடத்திலிருந்து அப்போது சத்தமே வரவில்லை என்பதுதான் என்னை வருத்திற்று.

அந்த மௌனத்தைத் தாங்கமாட்டாமல்தான், ஞாயிற்றுக்கிழமைகளில் மாவட்ட மைய நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன் என்று சொல்லவேண்டும். 1909-ஆம் ஆண்டு இதே ஊரில் பிறந்த அறிஞர் அண்ணா, 'வீட்டிற்கோர் புத்தகசாலை' என்ற தலைப்பில் வானொலியில் பேசியதைப் பள்ளிக்கூடத்துப் பாடமாகப் படித்தவள் நான். பாவுக்கும் ஊடைக்கும் ஜரிகைக்கட்டுக்குமே இடம் போதாத வீட்டில் அலமாரியை எங்கே வைப்பது? ஊர் நூலகம் எங்கள் வீட்டுக்கு இல்லாமற்போன அந்த ஓர் அறையாக எனக்கு வாய்த்தது. தினசரிகளை வரிவிடாமல் வாசிக்கும் முதியவர்களும், போட்டித் தேர்வுக்குக் குறிப்பெடுக்கும் இளைஞர்களும் அங்கே ஒருவரோடொருவர் பேசுவதில்லை. ஆயினும், திரையில் ஐம்பது பெயர்கள் வரிசையாகத் தெரிந்தும் தனியாகப் படிக்கிறோம் என்று இருந்த ஏக்கம், பெயர் தெரியாத இவர்கள் நடுவில் உட்கார்ந்தவுடன் நீங்கிவிடுகிறது.

அங்கேதான், சீர்காழியில் பிறந்து கணித ஆசிரியராயிருந்து, 1924-ஆம் ஆண்டு முப்பத்தொரு வயதில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, அந்தத் தொழிலைப் புதிதாகக் கற்க லண்டன் வரை சென்ற எஸ்.ஆர். ரங்கநாதனைப் பற்றி வாசித்தேன். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் காலம் வீணாகாமல் காக்கவேண்டும் என்பது. காலத்துக்கு விலை உண்டென்று அறிந்த ஒரு மனிதர் இந்த மேஜை நாற்காலிகளுக்குப் பின்னால் இருந்திருக்கிறார் என்று ஆறுதலாயிருந்தது. ஆனால் அதே அலமாரியில், 1948-ஆம் ஆண்டு சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டத்தைப் பற்றிய புத்தகமும் இருந்தது. சொத்துவரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக வசூலாவது அந்தச் சட்டத்தின் வழியில்தான். நூலக வாசற்படியை ஒருநாளும் மிதித்திராத எங்கள் எதிர்வீட்டு நெசவாளியும் நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்குப் பணம் கட்டியிருக்கிறார்! வீட்டில் பட்ட கடனுக்கு அஞ்சி வந்த இடத்திலும் கடனே காத்திருந்தது.

காஞ்சியின் கடிகை என்ற கல்விச்சாலையில் கற்க நான்காம் நூற்றாண்டில் தம் குரு வீரசர்மருடன் வந்த மயூரசர்மரைப் பற்றித் தாளகுண்டா சாசனம் கூறுகிறது. கற்க வந்தவன் பல்லவரோடு பகைத்துக் கதம்ப அரசை நிறுவிய வரலாறெல்லாம் அந்தக் கல்லில் இருக்கிறது. அவன் கற்கப் புறப்பட்ட நாளில் அவன் வீட்டில் யார் எந்த வேலையைச் சேர்த்துச் சுமந்தார்கள் என்பதைக் கல்லில் வெட்ட எவருக்கும் தோன்றவில்லை.

சென்ற ஆவணியில் பழைய பாவு முடிந்து, புதுப் பாவை இழையிழையாக அதனோடு பிணைத்துக்கொண்டிருந்தபோது கவனித்தேன். கரையும் உடலும் ஒரே வர்ணம். கோர்வை இல்லாத சேலை, கூலியும் குறைவு.

"என்னங்க, கோர்வைப் பாவு கிடைக்கலையா?" என்றேன்.

"ஒத்தை ஆளா நெய்யறதுதான் இப்ப சௌகரியம்" என்று இழையிலிருந்து கண்ணெடுக்காமலே சொன்னார்.

தேவர்க்கும் ரிஷிகளுக்கும் பிதிர்க்கும் மனிதன் கடன்பட்டே பிறக்கிறான் என்றும், கற்பதனால் ரிஷிகளின் கடன் தீர்கிறது என்றும் பெரியோர் சொல்வதுண்டு. என் படிப்பே ஒரு கடனடைப்புத்தான் என்று மாமியாருக்குச் சொல்லிவிடலாமென அந்த வாக்கியத்தை வெகுநாள் மனத்தில் வைத்திருந்தேன். நூலகத்தில் தேடிப் பார்த்தபோதோ, சதபத பிராமணம் நான்காவதாக மனிதருக்குப் பட்ட கடனையும் சேர்த்துச் சொல்வது தெரியவந்தது. ஒன்றை அடைத்துக்கொண்டே மற்றொன்றை வளர்த்திருக்கிறேன். கற்பது தவறென்று இதனால் ஆகிவிடாது. என் சொந்த முயற்சியால் கற்றேன் என்று சொல்லிக்கொள்ளும் வாய் மட்டும் அடைபட்டுப்போகிறது.

நூலகப் புத்தகத்தில் ஒட்டிய சீட்டில், திருப்பித் தரவேண்டிய தேதி முத்திரையாக விழுந்திருக்கிறது. என் கணவரிடம் நான் வாங்கிய மாலைகளுக்கு அப்படியொரு சீட்டில்லை. ஆகையால் நானே ஒரு தவணை குறித்துக்கொண்டு, பரீட்சை முடிந்ததும் வரும் பாவு கோர்வையாகவே இருக்கட்டும் என்று நேற்றுச் சொன்னேன்.

"அப்போ அடுத்த வருஷப் படிப்பு?" என்றார்.

கூடத்து ஓரத்தில் மாமியார் பூக் கட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இந்த முறை அவர் பதிலுக்காகக் காத்திருந்தார்.