எண்ணும் இரக்கமும்

‘விளையாட்டு வினையாகும்’ என்பது முதுமொழி. விளையாட்டுக்குள்ளேயே ஒருவன் செய்யும் வினைக்கு அறத்தின்முன் பொறுப்பு உண்டா என்பது இன்று எழும் வினா. பிறமொழி நகரங்களில் குடியேறி வாழும் நம் இல்லங்களில், பிள்ளைகள் கணிப்பொறியின்முன் அமர்ந்து பேரரசுகளைக் கட்டியும் கவிழ்த்தும் வரும் இந்நாளில், பெற்றோர் இவ்வினாவைத் தட்டிக்கழித்தல் இயலாது.

சான்றாக ஒன்றை நோக்குவோம். சுவீடன் நாட்டின் ‘பாரடாக்ஸ்’ நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட ‘இம்பரேட்டர்: ரோம்’ என்னும் விளையாட்டு கி.மு. 304இல் தொடங்குகிறது. அலெக்சாந்தர் மறைந்து இருபது ஆண்டுகள் கூட நிறைந்திராத உலகம் அது. திரையில் விரியும் நிலப்படத்தில் உரோமும் கார்த்தேசும் உண்டு. மௌரியப் பேரரசும், தெற்கே சோழ பாண்டிய நாடுகளும் உண்டு. ஆடுபவர் ஒரு நாட்டின் ஆட்சியை ஏற்று, வரி, வாணிகம், படை, சமயம் ஆகிய அனைத்தையும் நடத்துதல் வேண்டும். மக்களோ குடியுரிமை பெற்றோர், உரிமை மாந்தர், பழங்குடியினர், அடிமைகள் எனத் தரம் பிரிக்கப்பட்டு எண்களாய் நிற்பர். ஒரு நகரம் வீழ்ந்தால், அதன் மக்களுள் ஒரு பகுதியினர் அடிமைகளாகி வென்றவர் நாட்டுக்குப் பெயர்க்கப்படுவர். அங்கே ஓர் எண் குறையும், இங்கே ஓர் எண் கூடும், கருவூலம் வளரும்.

“சதுரங்கத்தில் காலாளை வெட்டுகிறோமே, அதுவும் பாவமோ?” என்று கேட்பார் உளர். கேள்வி நேர்மையானதே. திரையில் எவரும் இறப்பதில்லை. எனவே கொலைப்பழி ஆடுபவரைச் சேராது. ஆயினும் சதுரங்கக் கட்டங்களில் ஊர் இல்லை, உழவர் இல்லை. இவ்விளையாட்டிலோ ஊரும் உழவரும் உண்டு. அவர்தம் துயருக்கு மட்டும் அதன் கணக்கேட்டில் பத்தி இல்லை. அதனை ஆக்கியோர் பொய் சொல்லவில்லை என்பதையும் ஒப்புதல் வேண்டும். பண்டைய பேரரசுகள் மனிதரை இவ்வாறே எண்ணின. கி.மு. 146இல் கார்த்தேசு எரிந்தபோது, எஞ்சியோர் அடிமைகளாக விற்கப்பட்டனர்.

அத்தகைய கணக்கேட்டில் துயருக்கும் ஒரு பத்தி சேர்த்த பேரரசர் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். ஏறத்தாழ கி.மு. 261இல் கலிங்கத்தை வென்ற அசோகர், தமது பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் எண்களையே முதலில் தருகிறார்: நாட்டினின்று பெயர்த்துச் செல்லப்பட்டோர் 1,50,000, கொல்லப்பட்டோர் 1,00,000, பிறவாறு மாண்டோர் அதனினும் பன்மடங்கு. வெற்றி விளம்பரத்திற்கு ஏற்ற எண்கள் இவை. அவரோ அவற்றைத் தம் நெஞ்சை வருத்தும் சுமையாக அறிவிக்கிறார். தாம் தப்பிப் பிழைத்தும், உற்றார் உறவினருக்கு நேர்ந்த கேட்டினால் வருந்துவோரையும் அவர் மறக்கவில்லை.

எனினும் வருத்தம் ஒன்றே அறமாகிவிடாது. பெயர்க்கப்பட்டோரைத் திருப்பியனுப்பியதாகவோ, கலிங்கத்திற்கு விடுதலை அளித்ததாகவோ அக்கல்வெட்டில் ஒரு சொல்லும் இல்லை. மேலும், கிர்நாரிலும் கால்சியிலும் காணப்படும் அப்பதின்மூன்றாம் கல்வெட்டு, கலிங்க மண்ணிலுள்ள தௌலியிலும் சௌகதத்திலும் இடம்பெறவில்லை. அடிபட்டோர் முன்னிலையில் அவ்வெண்களைச் சொல்ல அரசர் கூசினாரா, அன்றி ஆறிய புண்ணைக் கிளற வேண்டா எனக் கருதினாரா என நாம் எண்ணிப் பார்க்கலாம்.

அங்கே அதற்கு மாறாகப் பொறிக்கப்பட்டவை அதிகாரிகளுக்கான ஆணைகள். மக்கள் அனைவரும் தம் மக்களே என்று கூறும் அரசர், காரணமின்றி எவரும் சிறைப்படவோ துன்புறவோ கூடாது எனப் பணிக்கிறார்; பொறாமை, சினம், கடுமை, அவசரம், சோம்பல், சோர்வு ஆகியவை நீதியைக் கெடுக்கும் என எச்சரிக்கிறார். இரக்கம் அரசர் நெஞ்சில் தங்கிவிட்டால் போதாது. ஏட்டைக் கையாளும் எழுத்தர்வரை அது இறங்கி வருதல் வேண்டும் என்பது இவ்வாணைகளால் விளங்கும்.

விளையாட்டைப் பற்றிய வினாவுக்கு விடையும் ஈண்டே உள்ளது. நம்மவருள் பலர் அலுவலகக் கோப்புகளோடு வாழ்பவர். அணைக்கும் சாலைக்கும் நிலம் எடுக்குங்கால் அகற்றப்படும் குடும்பங்களும், ஆட்குறைப்பில் வேலை இழப்போரும் அக்கோப்புகளில் எண்களாகவே வந்து நிற்கின்றனர். நாளை நம் பிள்ளைகளும் அத்தகைய நாற்காலிகளில் அமர்வர். திரையில் பழகிய கண்ணே அங்கும் உடன் செல்லும். ஆகவே விளையாட்டைப் பறித்தல் வேண்டா. அதனால் அவர்கள் பெறும் வரலாற்று ஆர்வமும் நிலநூல் அறிவும் சிறியன அல்ல. பிள்ளை ஒரு நகரை வென்று மகிழ்ந்து நிற்கும்போது, “அவ்வூர் மக்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?” என்று பெற்றோர் ஒரு வினா எழுப்பினால் போதும். அதற்கு விடை தேடும் பிள்ளை, தன் மேசைக்கு வரும் கோப்பையும் ஒருநாள் அவ்வாறே படிக்கும்.