மே மாதக் கணக்கு

ஏற்காடு ஏரிக்கரையில் ஓடிக்கொண்டிருக்கும் காபி மெஷினைக் கைமாற்றி வாங்கப் போனால், விற்பவர் முதலில் நீட்டுவது மே மாத நோட்டைத்தான். கோடை விழா நடக்கும் மாதம். அண்ணா பூங்கா வாசலில் எதை வைத்தாலும் விற்கும். அந்தக் கணக்கை நம்பி விலை பேசினால், மீதி மாதங்களின் வாடகையை யார் கட்டுவது?

ஐப்பசி மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் பஸ்ஸிலிருந்து இறங்குபவர்களில் சுற்றுலா வந்தவர் எத்தனை பேர், எஸ்டேட் வேலைக்குப் போகிறவர் எத்தனை பேர்? மெஷின் முன்னால் நிற்பது டிரைவர், கண்டக்டர், படகுத்துறை ஊழியர் என்றால் நல்ல சகுனம். அவர்கள் நாளைக்கும் வருவார்கள்.

விற்பனை நோட்டை ராத்திரி உட்கார்ந்துகூட எழுதிவிடலாம். பாலும் காபித்தூளும் பேப்பர் கப்பும் வாங்கிய பில்கள் அவ்வளவு சுலபமாக வளையாது. ஆயிரம் கப் வாங்கிய மாதத்தில் மூவாயிரம் காபி எப்படி விற்றது? கரண்ட் பில்லையும் கேளுங்கள். முகம் மாறினால் விலையையும் மாற்றலாம்.

மெஷினுக்கு இடம்தான் எல்லாம். 2022 ஜூனில் சென்னை கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய்க்கு மஞ்சப்பை தரும் இயந்திரம் வந்தது. விடியுமுன்னே கூட்டம் திரளும் சந்தை அது. மலையில் பார்க்கிங்கை நூறடி தள்ளி வைத்தாலே வியாபாரம் படுத்துவிடும்.

இடத்துக்கான அனுமதி யார் பேரில், எதுவரை, கைமாற்றலாமா? இதை அட்வான்ஸ் கொடுக்குமுன் அனுமதி தந்த அலுவலகத்திலேயே நேரில் கேட்டுவிடுங்கள். விற்பவருக்குச் சொந்தம் மெஷின் மட்டும்தானே.