இறந்தோர்க்கு ஊழியம்

எண்ணூரில் தொழிற்சாலைச் சம்பளத்தால் குடும்பம் நடத்தும் தகப்பனார் ஒருவர், மகன் பி.ஏ. வரலாறு படிக்க விரும்புகிறான் என்று கேட்டதும், "அதைப் படிச்சு என்ன வேலைக்குப் போவே?" என்று வினவினால், அவ்வினாவை அற்பமென்று தள்ளுதல் நியாயமன்று, ஐ.டி.ஐ. முடித்தவன் நேரே ஆலைக்குள் நுழைந்த காலத்தைக் கண்டவர் அவர். உலகியல் விடை எளிது: ஆசிரியப் பணி, டி.என்.பி.எஸ்.சி. தேர்வு, சட்டப் படிப்பு, பத்திரிகை, 1961ல் தோன்றிய மாநிலத் தொல்லியல் துறை, எழும்பூர் ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம். பின்சொன்ன மூன்றிலும் இடங்கள் சில, போட்டியோ பெரிது. ஆயினும் அவர் கேளாத வேறொரு வினா இதனுள் இருக்கிறது: இறந்தோர்க்கு ஊழியம் செய்வது தர்மமாகுமா; ஆகுமெனில், தர்மத்துக்குக் கூலி வாங்கலாமா?

மனிதன் தேவர்க்கும் ரிஷிகளுக்கும் பித்ருக்களுக்கும் கடன்பட்டே பிறக்கிறான் என்பது வைதிக மரபு. வள்ளுவரும் இல்வாழ்வான் போற்ற வேண்டியவர்களைச் சொல்லுமிடத்துத் தென்புலத்தாரையே முதலில் வைத்தார். எள்ளும் தண்ணீரும் இறைப்பதோடு அக்கடன் தீர்ந்துவிடுமென்று நான் கருதவில்லை. முன்னோர் செய்ததை, அவர் நாணிய செயல் உட்பட, உள்ளவாறு அறிதலும் அதில் ஒரு பகுதியென்றே எண்ணுகிறேன்.

எண்ணூருக்கு அண்டையிலுள்ள திருவொற்றியூர்க் கோயிலின் சமஸ்கிருத சாசனமொன்று இதற்குச் சான்று. கேரளத்திற் பிறந்த வல்லபன் என்னும் வீரன், சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் மைந்தன் இராஜாதித்தனுக்கு உற்ற நண்பனாயிருந்தான். 949ஆம் ஆண்டு தக்கோலப் போரில் அவ்விளவரசன் யானைமீதிருந்தே மாண்டபொழுது, நண்பனோடு மடியும் பேறு தனக்கு வாய்க்கவில்லையே என்று நாணி, கங்கையாடித் துறவு பூண்டு, திருவொற்றியூரில் நிரஞ்சன குருவிடம் தீக்ஷை பெற்று, சதுரானன பண்டிதர் என்ற பெயரோடு அவ்வூர் மடத்துக்குத் தலைவனானான். இச்சாசனத்தின் காலக்குறிப்பு யாருடைய ஆட்சியாண்டு என்று பார்த்தால் நெஞ்சு துணுக்குறுகிறது: இராஜாதித்தனை வீழ்த்திய படைக்கு உரியவனான இராஷ்டிரகூட மன்னன் கன்னரதேவனின் ஆட்சியாண்டு! தொண்டை நாடு அப்பொழுது அவன் கையில். பகைவனின் ஆண்டைக் கணக்கிட்டுத் தன் நண்பனின் மரணத்தைக் கல்லில் எழுதுவித்த அத்துறவியின் மனம் எத்தகையதென்று சாசனம் சொல்லவில்லை. சொல்லாததைச் சொல்லாமல் விடுவதே வரலாற்று மாணவனின் சத்திய விரதம், கதாசிரியனுக்கு அது பொருந்தாது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு ஊமையாய் நின்ற அந்நாணம் நமக்குக் கேட்டதெனில், அதற்குக் காரணம் ஊதியம் பெற்ற உத்தியோகஸ்தர்கள்: 1886ல் ஹுல்ட்ஷ் சென்னை மாகாணக் கல்வெட்டாய்வாளராக நியமிக்கப்பட்ட பின்னர், ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒற்றித் தூரிகையால் அடித்து மைப்படி எடுத்துப் படிப்பது ஒரு சர்க்கார் வேலையாயிற்று.

கூலியைப் பற்றிய ஐயத்துக்கும் அக்கோயிலே விடை தருகிறது. அங்கே வியாகரணம் கற்பிக்கச் சோழர் காலத்தில் ஒரு மண்டபம் இருந்தது. ஆசான்களும் மாணாக்கரும் பசியின்றி ஓத நிலம் மானியமாக விடப்பட்டது. சதுரானனரும் கோயில் வழிபாட்டுக்கென ஊர்ச்சபையிடம் பொன்னை முதலாக வைத்து, வட்டியால் அது நடைபெற ஏற்பாடு செய்தார். உலகைத் துறந்தவர் வட்டிக் கணக்கைத் துறக்கவில்லை. தர்மம் நிலைக்க அர்த்தம் வேண்டுமென்பதில் முன்னோர்க்கு நம்மைப்போல் கூச்சமில்லை.

இவ்வூழியம் இறந்தோரோடு நிற்பதுமன்று. கொசஸ்தலையாறு கடலிற் கலக்குமிடத்து எண்ணூர்க் கழி, 1996ல் மத்திய அரசு அங்கீகரித்த கரையோர வரைபடத்தில் நீர்ப்பரப்பாக இருக்கிறது. பின்னர்த் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் பெறப்பட்ட மற்றொரு வரைபடத்திலோ அது காணாமற்போயிருந்தது. இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் மீனவர், நீர் நீராகவே இருந்ததென்று தாளைக் கொண்டு நிரூபிக்க வேண்டிய நிலைக்கு வந்தனர். பழைய நிலஅளவைப் படத்தைப் புதியதோடு ஒப்பிட்டு, எது எப்போது யாரால் திருத்தப்பட்டதென்று காட்டவல்லவன் இத்தகைய வழக்குக்கு வேண்டும். அது வரலாறு படித்தவன் வேலை. அதற்குரிய கட்டணத்தை மீனவக் கிராமங்களால் கொடுக்க முடியுமா என்றால், பெரும்பாலும் முடியாது.