நிலத்தடி நீர் யாருடையது?

டெல்லி லக்ஷ்மிபாய் நகரில் அன்பர் ஒருவரின் இல்லத்தில் சத்சங்கம் முடிந்தபின், அவர் தயக்கத்துடன் கேட்டார்: "சுவாமிஜி, ஊரில் தம்பியின் கிணறு வற்றிவிட்டது. ஆழ்குழாய்க் கிணறு போடப் பணம் கேட்கிறான். போட்டால் பக்கத்து நிலத்துக்காரரின் கிணறும் வற்றிவிடுமாம். பணம் அனுப்பலாமா?"

சட்டத்தின் விடை எளிது. தன் நிலத்தின் அடியிலுள்ள நீரை எடுத்துக்கொள்ளும் உரிமையை 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் நில உரிமையாளருக்கு அளிக்கிறது. ஆனால் நீர் வரப்பை அறியாது. ஒரு செயல் நல்லதா என்றறிய, எல்லோரும் அதையே செய்தால் என்னவாகும் என்று பார்க்கச் சொன்னார் ஜெர்மானிய தத்துவஞானி கான்ட். எல்லோரும் ஆழத் துளைத்தால் எல்லோருக்கும் கடனே மிஞ்சும். பருவமழை பொய்ப்பதும், பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுவதும் பெருகிவரும் இக்காலத்தில் இக்கேள்வியைத் தள்ளிப்போட இயலாது.

மகாராஷ்டிரத்தின் அகமதுநகர் (இன்று அகில்யாநகர்) மாவட்டத்தில் மழை குறைந்த சிற்றூர் ஹிவ்ரே பஜார். 1972-ஆம் ஆண்டுப் பஞ்சத்துக்குப் பின் பலர் பிழைப்பு தேடி அவ்வூரைவிட்டு வெளியேறினர். 1990-ஆம் ஆண்டையொட்டி போபட்ராவ் பவார் ஊராட்சித் தலைவரானார். மக்கள் தங்கள் உழைப்பை நல்கி மலைச்சரிவுகளில் அகழிகள் வெட்டினர்; மரம் வளர்த்தனர். பாசனத்துக்கு ஆழ்குழாய்க் கிணறு இல்லை. நீரை மிகுதியாக உண்ணும் கரும்பும் வாழையும் இல்லை என்று தமக்குத்தாமே விதித்துக்கொண்டனர். ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் நீரைக் கணக்கிடுகின்றனர். மனிதருக்கும் கால்நடைக்கும் குடிநீர் ஒதுக்கிய பின்னரே பயிரைத் தீர்மானிக்கின்றனர். சென்ற குடும்பங்கள் பல திரும்பி வந்தன.

மழையையும் அன்னத்தையும் வேள்வியோடு பிணைத்துப் பேசுகிறது கீதையின் மூன்றாம் அத்தியாயம். பங்கிட்டு உண்ணும் அவ்வேள்வியையே இக்கிராமத்தில் காண்கிறோம்.

ஏழை விவசாயியை மட்டும் புலனடக்கம் பழகச் சொல்வது நியாயமா? அல்ல. புவி வெப்பமடைவதில் அவர் பங்கு மிகச் சிறிது. டெல்லிவாசிகளின் குடிநீரில் பெரும்பகுதியும் யமுனை, கங்கை வழியே அண்டை மாநிலங்களிலிருந்து வருவதுதான். ஆகவே அடக்கம் நம் வீட்டுக் குழாயடியிலேயே தொடங்கட்டும்.

அன்பரிடம் கூறினேன்: "தம்பியின் துன்பம் உண்மையானது, அவரைக் கைவிடாதீர்கள். பணம் அனுப்புங்கள். மழைநீரைத் தேக்கப் பண்ணைக்குட்டை வெட்டவும், இவ்வாண்டு கேழ்வரகு போன்ற சிறுதானியம் விதைக்கவும் அது உதவட்டும். முதலில் பக்கத்து நிலத்துக்காரரையும் அழைத்துப் பேசச் சொல்லுங்கள்."

அவர் சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "நானே ஊருக்குப் போய்ப் பேசுகிறேன், சுவாமிஜி" என்றார்.