மாடு இல்லாத நாட்டில் மழை கேட்டவர்கள்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சாக்கோ என்று ஒரு வறண்ட பள்ளத்தாக்கு இருக்கிறது. சுமார் கி.பி. 850 முதல் 1130 வரை, இன்றைய பியூப்லோ மக்களின் முன்னோர்கள் அங்கே கல்லால் பெருமனைகளைக் கட்டினார்கள். அவற்றில் ஒன்றான பியூப்லோ பொனிட்டோவில் மட்டும் 600க்கும் அதிகமான அறைகள். சில பகுதிகள் நான்கு மாடி உயரம். இந்த மனைகளுக்குக் கூரை போட 2 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் வேண்டியிருந்தன என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். பள்ளத்தாக்கில் அவ்வளவு மரம் ஏது? சுஸ்கா மலையிலும் ஸூனி மலையிலும் வெட்டி, 75 கிலோமீட்டர் அளவு தொலைவை மனிதர்களே சுமந்து கடந்தார்கள். சக்கரம் இல்லை, எருது இல்லை, குதிரை இல்லை. உத்தரங்களில் தரையோடு இழுத்த தழும்புகூட இல்லை. இதைப் படிக்கிற யாருக்கும் உடனே எழுகிற கேள்வி, இவர்களிடம் இழுவை மாடுகள் இருந்திருந்தால் இந்த நாகரிகம் எவ்வளவு உயரம் போயிருக்கும் என்பது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குள் ஒரு முடிவு முன்பே உட்கார்ந்திருக்கிறது: நாகரிகம் ஓர் ஏணி, வளர்ப்பு விலங்கு அதில் ஒரு படி, அந்தப் படி இவர்களுக்குக் கிடைக்கவில்லை. இந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. மாடு வந்திருந்தால் சாக்கோ பெரிதாகியிருக்காது. சாக்கோவே வந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

முதலில், இவர்களிடம் வளர்ப்பு விலங்கே இல்லை என்பது தவறு. நாய் இருந்தது, வான்கோழியும் இருந்தது. மெக்சிகோவின் தெற்கில் பழக்கிய வான்கோழி வேறு, இவர்களுடையது வேறு என்று எலும்புகளின் மரபணு காட்டுகிறது. ஊருக்குள்ளேயே பட்டி கட்டி, தாங்கள் உண்ட மக்காச்சோளத்தையே அதற்கும் போட்டார்கள். இவ்வளவு செய்தும் பல நூற்றாண்டுகள் அதை அதிகம் தின்னவில்லை. இறகுக்காக வளர்த்தார்கள். இறகுத் தண்டைப் பிளந்து, யூக்கா என்னும் செடியின் நாரில் முறுக்கிய கயிற்றின்மேல் ஒவ்வொன்றாகச் சுற்றி, அந்தக் கயிற்றால் போர்வை பின்னினார்கள். ஒரு போர்வைக்குச் சுமார் 11,500 இறகுகள் பிடிக்கும். முற்றிய இறகை உயிருள்ள பறவையிலிருந்தே வலிக்காமல் எடுக்கலாம் என்பதால், பறவை சாக வேண்டியதில்லை. குழந்தையைப் பொதிந்ததும் இறந்தவரைப் பொதிந்து புதைத்ததும் இந்தப் போர்வைதான். தெய்வத்துக்கு வைக்கும் வேண்டுதல் குச்சியில் கட்டுவதும் வான்கோழி இறகு. கைக்கு எட்டிய விலங்கை என்னவாக ஏற்பது என்பதை வயிறு மட்டும் தீர்மானிக்கவில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டுமா?

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். சுமார் 1100க்குப் பிறகு, மான்கள் அருகியதும் அதே வான்கோழியை அறுத்துத் தின்றார்களே, இதே மக்கள் வாழ்ந்த மெசா வெர்டே பகுதியில் அதுவே முக்கிய இறைச்சி ஆனதே? உண்மை. பசி வந்தபோது உறவு மாறியது. அதை மறைத்துவிட்டு இவர்களைப் புனிதர்களாக்க வேண்டியதில்லை. ஆனால் தின்னத் தொடங்கிய பிறகும் வேண்டுதல் குச்சியிலிருந்து இறகு இறங்கவில்லை. தேவை உறவின்மேல் ஏறி உட்கார்ந்தது, உறவைத் துடைத்துவிடவில்லை. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. அங்கே பழக்குவதற்கு ஏற்ற பெரிய விலங்கே கிடையாது. பைசனும் மலைச் செம்மறியும் நுகத்துக்கு வராதவை. இல்லாத ஒன்றை வேண்டாம் என்றார்கள் என்பது என்ன வாதம்? சரி, அவர்கள் மறுத்தார்கள் என்று நானும் சொல்லவில்லை. இல்லாமையை வைத்து அவர்கள் கட்டியதைத்தான் பார்க்கச் சொல்கிறேன்.

சாக்கோவின் சாலைகளைப் பாருங்கள். சில இடங்களில் 9 மீட்டர் அகலம். வண்டியே இல்லாத ஊரில் இத்தனை அகலம் எதற்கு? குன்று குறுக்கே வந்தால் அவை சுற்றிப் போவதில்லை. பாறையில் படி வெட்டி நேரே ஏறுகின்றன. மாடு பூட்டிய மக்கள் இப்படிச் சாலை போட மாட்டார்கள். வண்டிக்குச் சரிவு வேண்டும், வளைவு வேண்டும், தண்ணீர் உள்ள இடம் வழியில் வேண்டும். நேர்க்கோட்டில் படியேறுகிற சாலை மனிதக் காலுக்காக, பெரும்பாலும் வழிபாட்டு நடைக்காகப் போடப்பட்டது. சரக்கு மட்டுமே நோக்கமென்றால் இது வீண் உழைப்பு. மழை எப்போது வரும் என்று தெரியாத நிலத்தில் மக்காச்சோளத்தை நம்பி வாழ்ந்தவர்கள் இவர்கள். உடலின் உழைப்பே தெய்வத்திடம் வைக்கக்கூடிய காணிக்கையாக இருந்திருக்கும் என்று கருதுகிறேன். அந்தச் சுமையை எருதின் முதுகுக்கு மாற்றியிருந்தால், வேலை நடந்திருக்கும், காணிக்கை கழன்று போயிருக்கும். மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்றும் பொருள் உள்ள மொழியில் எழுதும்போது, அடுத்து என்ன வந்திருக்கும் என்பதும் தெரிகிறது: எண்ணிக்கை, மேய்ச்சல் எல்லை, அதற்கான சண்டை. இதில் ஓர் ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். சுமந்தவர் எல்லோரும் மனமுவந்து சுமந்தார்களா? பொனிட்டோவின் 33ஆம் அறையில் ஆயிரக்கணக்கான நீலப்பச்சைக் கற்களோடு சிலர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். ஏற்றத்தாழ்வு இருந்தது. சிலருடைய பக்தி வேறு சிலரின் முதுகில் ஏறியிருக்கலாம். அந்த முதுகுகளை நினைத்தால், ஓர் எருதாவது கிடைத்திருக்கக் கூடாதா என்று எனக்கும் தோன்றுகிறது.

நல்லவேளையாக, பெரிய வளர்ப்பு விலங்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வியைக் கற்பனையில் மட்டும் விட வேண்டியதில்லை. 1598இல் ஒன்யாத்தே தலைமையில் வந்த ஸ்பானியர்கள் ஆயிரக்கணக்கான கால்நடைகளை ஓட்டி வந்தார்கள். அவற்றில் சுர்ரோ என்னும் செம்மறி அந்த வறட்சிக்கு நன்றாகப் பொருந்தியது. பின்னாளில் அண்டை மக்களான நவஹோக்கள் அதைத் தங்கள் வாழ்வின் நடுவில் வைத்துக்கொண்டார்கள். மேய்ச்சலைத் தொடர்ந்து சிதறி வாழ்ந்தார்கள். ஆடே வாழ்வு என்று இன்றும் சொல்கிறார்கள். பியூப்லோ மக்களும் அதே ஆட்டை ஏற்றார்கள், கம்பளி நெய்தார்கள், ஆனால் ஊரை விட்டு நகரவில்லை. கிவா என்னும் வழிபாட்டறையும் சோள வயலுமே மையமாக நின்றன. ஆடு தொழுவத்தில் நின்றது. ஒரே நிலம், ஒரே விலங்கு, இரண்டு வாழ்க்கை. வந்தது காலம் கடந்துதானே, மூவாயிரம் ஆண்டுக்கு முன் வந்திருந்தால் மதமே ஆட்டைச் சுற்றி உருவாகியிருக்குமே என்று கேட்கலாம். உருவாகியிருக்கலாம். அப்போது அவர்கள் முன்னேறிய பியூப்லோக்களாக அல்ல, வேறு மக்களாக இருந்திருப்பார்கள்; என் வாதமும் அதுதான்.

1680இல் போப்பே என்ற தலைவரின் கீழ் பியூப்லோ ஊர்கள் சேர்ந்து எழுந்து ஸ்பானியரை விரட்டின. சிலுவைகளை எரிக்கவும், ஞானஸ்நானத்தை ஆற்றில் யூக்கா வேரால் தேய்த்துக் கழுவவும், அந்நிய விதைகளை விட்டு மக்காச்சோளமும் பீன்ஸும் மட்டும் விதைக்கவும் உத்தரவு போனதாக அன்றைய சாட்சியங்கள் கூறுகின்றன. மூடப்பட்ட கிவாக்கள் மறுபடி திறந்தன. ஆடுகளை யாரும் முழுதாகத் துரத்திவிடவில்லை. அவை ஊரோரத் தொழுவங்களிலேயே இருந்தன. வேண்டுதல் குச்சியில் மட்டும் பழையபடி இறகைக் கட்டினார்கள்.