ஒருபகல் வழிபாடு

வழிகாட்டி உரைத்தவாறே ஒருபகலிற் பல தலங்களைக் கண்டு மீள்வது வழிபாடாமோ, வெறுங் காட்சியாமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

தேனியினின்று புறப்படுவார் வீரபாண்டிக் கௌமாரியம்மையையும், குச்சனூர்ச் சனீசுவரரையும், சின்னமனூர்ப் பூலாநந்தீசுவரரையும் அங்ஙனமே கண்டு மீள்கின்றனர். ஜப்பானியரது ஷிண்டோ ஆலயங்களிலும் அயல்நாட்டார் வழிகாட்டி கற்பித்தபடி கையும் வாயும் கழுவி, இருமுறை வணங்கி, இருமுறை கைதட்டி, மீண்டும் ஒருமுறை வணங்குகின்றனர்.

பிறர் சொல்லச் செய்யுங் கிரியை அன்பின்மையிற் பயனின்றாமெனின், அற்றன்று. சரியை தொடக்கநிலையாகலின், கால் சென்றவழி மனமுஞ் செல்லுதல் கூடும்.

சின்னமனூர்ப் பெருமான் காண்பாரது உயரத்திற்கேற்பத் தோன்றுவர் என்ப. ‘அளவுக்கு அளவானவர்’ என்பது அவர் திருநாமம். அச்சந்நிதியில் யாம், அறுபதாண்டு கடந்தும், பேருந்து புறப்படும் நேரத்தையே நினைந்து நின்றோம்; அன்றுதான் கைகூப்பக் கற்ற இளைஞனொருவன் எம்மருகே இமையாது நின்றனன். ஆகலின், தொழும் பொழுதின் அளவன்று, தொழுவாரது அன்பின் அளவே பயனுக்கு அளவாமென்க.