நீர் சேர்த்தால் நஞ்சு குறையுமா?

ஆலைக் கழிவைப் பொறுத்தவரை பழைய தந்திரம் ஒன்று உண்டு. ஒரு லிட்டர் கழிவுநீரில் ஒரு மில்லிகிராம் நஞ்சு இருப்பதாகக் கொள்வோம். அதனுடன் ஒன்பது லிட்டர் நல்ல நீரைச் சேர்த்துவிட்டால், லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் என்று கணக்கு மாறிவிடும். பரிசோதனைத் தாளில் எண் குறைந்துவிடுகிறது. ஆனால் வாய்க்காலைச் சென்றடையும் நஞ்சு, அதே ஒரு மில்லிகிராம்தான்.

பொறுப்பும் இத்தகையதுதானா? பலர் சேர்ந்து செய்யும் தீமையில் ஒவ்வொருவரின் பொறுப்பும் குறைந்துவிடுகிறதா, அல்லது குறைந்ததுபோல் தோன்றுகிறதா? வேலையிடங்களில் சுற்றுச்சூழலைக் காப்பதுபற்றி எண்ணும்போது, முதற்கண் எழ வேண்டிய வினா இதுவே என்று கருதுகிறோம்.

சென்னையின் மேற்குப் புறநகரில் வாழும் நமக்கு இது ஏட்டளவிலான வினா அன்று. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தொடங்கப்பட்டது. பூந்தமல்லி வரையிலும் பட்டறைகள் பெருகின. நம் குடும்பங்களில் எத்தனையோ பேருடைய உலையும் கல்வியும் வீடும் இவற்றால் வந்தவை. அதே நிலத்தில்தான் ஏரிகளும் இருக்கின்றன. அம்பத்தூர் ஏரி நிறைந்தால் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து ரெட்டேரிக்கும் நீர் செல்லும்படி முன்னோர் அமைத்து வைத்தனர். நீர் சென்ற வழியில் பின்னர்க் கழிவும் சென்றது. கொரட்டூர் ஏரியைக் காக்க அப்பகுதி மக்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வை நாட வேண்டியதாயிற்று. ஆலையும் நம்முடையது, ஏரியும் நம்முடையது. ஆகவே, ஆலையை மூடிவிடுங்கள் என்று எளிதாகச் சொல்லி நாம் ஒதுங்கிவிட இயலாது.

ஒரு பட்டறையின் உள்ளே சென்று பார்ப்போம். வாகன உதிரிப் பாகங்கள் துருப்பிடியாதிருக்கவும் பளபளக்கவும் அவற்றின்மேல் துத்தநாகம், நிக்கல், குரோமியம் முதலிய உலோகங்களை மின்முலாமாகப் பூசுவார்கள். தொழிலாளர் வழக்கில் இதற்குப் ‘பிளேட்டிங்’ என்று பெயர். பாகத்தை முலாம் தொட்டியில் முக்கியெடுத்து, அடுத்த தொட்டியில் நீரில் அலசுவார்கள். பாகத்தோடு ஒட்டிக்கொண்டு வரும் கரைசல் அலசும் நீரில் கலந்து கழிவாகிறது. அதில் வரக்கூடிய ஹெக்சாவேலண்ட் குரோமியம் புற்றுநோய் விளைவிப்பது. தொட்டியிலிருந்து எழும் குரோமிய அமிலப் புகையை நாள்தோறும் சுவாசிப்பவரின் மூக்கு நடுச்சுவரில் துளை விழுவதும் உண்டு. வெளியேறும் கழிவுநீரில் இது லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது விதி. நாம் முதலில் கண்ட தந்திரம் எந்த எண்ணை எட்டுவதற்காக என்பது இப்போது விளங்கும்.

நேர்மையான வழிகளும் இருக்கின்றன, அவை எளியவையும்கூட. பாகத்தை உடனே அலசப் போடாமல், முலாம் தொட்டிக்கு மேலேயே சில நொடிகள் நிறுத்தி வடியவிட வேண்டும். இரு தொட்டிகளுக்கும் இடையே சரிவான தட்டு ஒன்றைப் பொருத்தினால், சொட்டும் கரைசல் மீண்டும் தொட்டிக்கே திரும்பும். குழாயைத் திறந்துவிட்டு ஒரே தொட்டியில் அலசாமல், இரண்டு மூன்று தொட்டிகளில் படிப்படியாக அலசினால் நீரும் மிச்சமாகும். எஞ்சும் கழிவை அமில நிலையில் சோடியம் மெட்டா பைசல்பைட்டால் மாற்றி, பின்னர்ச் சுண்ணாம்பு சேர்த்தால், குரோமியம் தீங்கு குறைந்த வடிவில் கசடாகப் படியும். அந்தக் கசடை வாய்க்காலில் கொட்டாமல், கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற தீங்குறு கழிவு மையத்திற்கு அனுப்ப வேண்டும்.

வடியவிடும் அந்தச் சில நொடிகள் யாருடையவை? இங்குதான் அறவினா தொடங்குகிறது. எண்ணிக்கைக்குக் கூலி பெறும் தொழிலாளிக்கு ஒவ்வொரு நொடியும் வருமானம். அவர் விரைகிறார். மாலைக்குள் இத்தனை பாகம் என்று மேலாளர் கட்டளை பெற்றிருக்கிறார், அவரும் விரைவுபடுத்துகிறார். உரிமையாளரோ, விலையைக் குறைக்காவிட்டால் ஒப்பந்தம் அடுத்த பட்டறைக்குப் போய்விடும் என்று அஞ்சுகிறார். பாகத்தை வாங்கும் பெரிய நிறுவனம் சந்தைப் போட்டியைக் காட்டுகிறது. சந்தை என்பது யார்? மலிவான வண்டியைத் தேடும் நாமே. இவ்வாறு ஒரு தொட்டி நஞ்சு பல மனச்சான்றுகளில் கலந்து, ஒவ்வொன்றிலும் ‘அனுமதிக்கப்பட்ட அளவுக்கு’ இறங்கிவிடுகிறது. ஏரி மட்டும் முழு அளவையும் பெறுகிறது.

இத்தகைய கலப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 1984 டிசம்பரில் போபால் காட்டியது. மீத்தைல் ஐசோசயனேட் தொட்டியைக் குளிர்விக்கும் கருவி மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம் பழுதுபார்ப்புக்காகத் துண்டிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் ஒரு சிறு சிக்கனம், ஒரு சிறு தாமதம். எல்லாம் சேர்ந்த இரவில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். நம் மாநிலத்தில் ராணிப்பேட்டையில், மூடப்பட்டுப் பல்லாண்டுகள் ஆன குரோமேட் ஆலையின் வளாகத்தில் ஒன்றரை இலட்சம் டன் அளவுக்குக் குரோமியக் கசடு குவிந்து நிலத்தடி நீரைக் கெடுத்தது. ஆலை போனாலும் அதன் கழிவு போகவில்லை.

‘நான் ஒருவன் என்ன செய்ய முடியும்?’ என்று கேட்பவரை நாம் கடிந்துகொள்ள விரும்பவில்லை. வேலை பறிபோனால் அடுப்பெரியாது என்ற அச்சம் உண்மையானது. சிறு உரிமையாளரின் கடன்சுமையும் உண்மையானது. எனினும், திருப்பலியின் தொடக்கத்தில் நாம் செய்யும் பாவ அறிக்கையில், செய்த தீமையோடு செய்யத் தவறிய நன்மையும் இடம்பெறுகிறது என்பதை மறக்கலாகாது. புனித இரண்டாம் யோவான் பவுல் 1987ஆம் ஆண்டின் சமூகச் சுற்றுமடலில் ‘பாவக் கட்டமைப்புகள்’ பற்றிப் பேசும்போது, அவை தனிமனிதரின் செயல்களில் வேரூன்றியவை என்றும் தெளிவுபடுத்தினார். அமைப்பின்மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் கைகழுவ முடியாது. எசேக்கியேல் நூலின் 34ஆம் அதிகாரத்தில் இறைவன் கொழுத்த ஆடுகளைப் பார்த்துக் கேட்பதும் இதைத்தான்: தெளிந்த நீரைக் குடித்தது போதாதென்று, மீதி நீரையும் காலால் கலக்க வேண்டுமா?

அதற்காக எல்லாருடைய பொறுப்பும் ஒரே அளவு என்று சொல்வதும் நீதியாகாது. எவரிடம் அதிகாரம் மிகுதியோ அவரிடம் கடமையும் மிகுதி. விலையை நிர்ணயிப்பவர், வடியவிடும் நொடிகளுக்கும் சுத்திகரிப்புக்கும் சேர்த்து விலை தர வேண்டும். உரிமையாளர் அந்த நொடிகளையும் கூலிக் கணக்கில் சேர்க்க வேண்டும். வேலூர்ப் பகுதித் தோல் ஆலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று, மாசுபடுத்துபவரே அதன் விலையைச் செலுத்த வேண்டும் என்ற நெறியை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. தொழிலாளியும் வெறும் கருவி அல்லர். போபாலுக்குப் பின் 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டபோது, வேலையிடத்தின் பாதுகாப்பு பற்றிய தகவலைக் கேட்டறியும் உரிமை தொழிலாளிக்கு வழங்கப்பட்டது. தொட்டியில் இருப்பது என்ன, அது எங்கே போகிறது என்று கேட்பது துரோகம் அன்று. அது உழைப்பின் மாண்பு. தனியே கேட்க அஞ்சுவதை நால்வர் சேர்ந்து கேட்கலாம், தொழிற்சங்கம் கேட்கலாம், பங்கில் உள்ள அன்பியம் துணை நிற்கலாம்.

ஞாயிறன்று ஒரே கோவிலில் உரிமையாளரும் மேலாளரும் முலாம் தொட்டியருகே நிற்பவரும் ஏரிக்கரையில் குடியிருப்பவரும் அருகருகே முழந்தாளிடுகிறோம். கழிவு யாரிடமிருந்து புறப்பட்டு யாரிடம் சென்று சேர்கிறது என்பது நமக்குத் தெரியாததன்று. திருப்பலி முடிந்து வெளியே வரும்போது இதைப்பற்றி ஒருவரோடொருவர் பேசத் தொடங்கினால், நீர் சேர்த்துக் குறைத்துக் காட்டிய பொறுப்பை அதன் உண்மையான அளவில் நாம் காணத் தொடங்குவோம்.